சோம்பியின் முப்பத்தாறு லிட்டர்

பெண் கொடுத்த வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிற மருமகனைப் பார்த்து எல்லார் மனதிலும் ஒரு கேள்வி எழும். மரியாதைக்காக யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். எப்போது கிளம்புகிறீர்கள் என்பதுதான் அது. நம் மாப்பிள்ளைக்கும் அந்தச் சங்கடம் வந்தது. அவனும் மனைவியும் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் குளியலறைக் குழாய் வெடித்து, தரையை முழுக்கப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். சரியாவதற்கு இரண்டு மாதமாவது ஆகும் என்றார் கொத்தனார். அவனுக்கு மென்பொருள் வேலை, மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் பார்க்கலாம். இருவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாமனாரின் மாட்டுப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள்.

மாமனார் நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம், பீற்றிக்கொள்ளாமல் அவரால் ஒரு நாளும் இருக்க முடியாது. கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டால் அந்த வட்டாரத்திலேயே அப்படிப்பட்ட கூரை கிடையாது. தலைவலி வந்தால்கூட டாக்டர் பார்த்ததிலேயே பெரிய தலைவலி அவருடையதுதான். அந்த வருடம் எட்டு மாடுகளை ஒரே சமயத்தில் கறக்கும் இயந்திரம் வாங்கிப் போட்டிருந்தார். மாடுகள் எட்டு எட்டாக உள்ளே வந்து ஆளுக்கொரு தடுப்பில் நிற்கும், உறிஞ்சுகுழாயை மாட்டிவிட்டால் பால் எஃகுக் குழாய் வழியாக நேரே தொட்டிக்குப் போய்விடும். பாலைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம். இயந்திரம் விற்ற கம்பெனிக்காரர்கள், எந்த மாடு எவ்வளவு கறந்தது என்று திரையில் காட்ட ஒரு மென்பொருளும் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதை மாப்பிள்ளை தடுத்துவிட்டான்.

"எதுக்கு மாமா? நானே எழுதித் தர்றேன். ரெண்டு நாள் வேலை."

சொல்லி முடித்ததும் பக்கத்தில் இருந்த மனைவி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். 'ரெண்டு நாள்' என்று அவன் சொன்ன வேலைகள் எத்தனையை அவள் பார்த்திருக்கிறாள்!

கொட்டகையில் இரண்டு விதமான பெட்டிகள் இருந்தன. ஒன்று பால் மீட்டர். ஒரு மாடு கறந்து முடிந்ததும், எந்தத் தடுப்பு, எத்தனை லிட்டர் என்று அது கணினிக்குச் சொல்லும். அது பேசுவது டிசிபி என்ற முறையில். தொலைபேசிப் பேச்சு மாதிரி, முதலில் கூப்பிட்டு, அந்தப் பக்கம் எடுத்த பிறகுதான் பேசும். ஒரு துண்டு விட்டுப்போனால் திரும்ப அனுப்பும். இன்னொன்று, ஒவ்வொரு தடுப்பின் முகப்பிலும் இருந்த ரீடர். மாடு உள்ளே நுழைந்ததும் அதன் காதில் மாட்டியிருக்கும் மின்னணுச் சில்லைப் படித்து, இன்ன மாடு வந்திருக்கிறது என்று அறிவிக்கும். அது யுடிபி என்ற இன்னொரு முறைக்காரன். பேப்பர் போடுகிறவர் சைக்கிளில் இருந்தபடியே பேப்பரை வீட்டுக்குள் வீசிவிட்டுப் போவது மாதிரி. வாசலில் விழுந்ததா, வாளித் தண்ணீரில் விழுந்ததா என்று திரும்பிப் பார்க்காது.

இந்த இரண்டையும் வாங்கி ஒன்றாகச் சேர்க்க, அலுவலகத்தில் பழகிய, பாதி வேலையை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் ஒரு ஜாவா ஃப்ரேம்வொர்க்கை எடுத்துக்கொண்டான் மாப்பிள்ளை. அதில் எல்லாமே குழாய் வேலைதான். இந்த போர்ட்டைத் திற, வருவதை இங்கே வெட்டு, வெட்டியதை இந்தச் சேனலில் விடு என்று எழுதிக் கொடுத்தால் போதும். இணைப்பைத் திறப்பது, மூடுவது, அறுந்தால் மறுபடி பிடிப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

முதல் நாள் காலைக் கறவையின்போது குடும்பமே அலுவலக அறையில் கூடிவிட்டது. அது தீவன மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசையும் பழைய கணினியும் இருந்த அறை. மாமியார் காபி டம்ளரோடு நின்றாள். மாமனார் கைகளைக் கட்டிக்கொண்டு திரையை முறைத்தார். கொட்டகையில் இயந்திரம் தடதடவென்று ஓடியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"பால் கீழ போயிட்டு இருக்கு மாப்ளே. நம்பர் மேல வரக் காணோமே?"

"வரும் மாமா. இப்ப வந்துடும்."

இரண்டாவது எட்டு மாடுகளும் வந்து போயின. இணைப்பு இருந்தது, எழுத்துகளும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஃப்ரேம்வொர்க் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்குக் காது சூடானது. டிசிபியில் எழுத்துகள் நிற்காத ஓடை மாதிரி வரும், ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று நாம்தான் சொல்லிக் கொடுக்கவேண்டும். அவன் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தான். சொல்லாவிட்டால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டு குறிகள் வரும் என்று அது எதிர்பார்க்கும். இந்த மீட்டரோ ஒரே ஒரு குறி வைக்கிற ஜாதி. இரண்டாவது குறி வரும், வரும் என்று ஃப்ரேம்வொர்க் மொத்தப் பாலையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினான்.

ஐந்தாம் தடுப்பு, எட்டு லிட்டர்.

மாமியார் கைதட்டினாள், காபி சிந்தியது. மாமனார் அப்போதே செல்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். யாரிடமோ, "நம்ம மாப்பிள்ளை எழுதினது, வெளிநாட்டுக் கம்பெனி தோத்துடும்" என்று அவர் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது.

யுடிபி பக்கம் அதைவிடச் சுலபமாக முடிந்தது. அலுவலகத்தில் மின்சார மீட்டர்களுக்காக முன்பு எழுதிய அமைப்பு ஒன்று கைவசம் இருந்தது, அதை அப்படியே எடுத்து ஒட்டினான். போர்ட் எண்ணை மட்டும் மாற்றினான். ரீடரில் மாடுகளின் பெயர்களை மனைவியின் தங்கை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தாள். கொட்டகையை நடத்துவதே அவள்தான், வண்டி ஓட்டுவதிலிருந்து கன்று ஈனும்போது கூட இருப்பது வரை. ரீடர் அனுப்பும் செய்தியில் தடுப்பு எண், மாட்டு எண், பெயர் மூன்றும் இருக்கும். கடைசியில், செய்தி முழுசாக வந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும்.

அன்று சாயங்காலம் மாடுகள் முட்டிக்கொண்டு நுழைந்ததில் ரீடர்கள் பாதி பாதியாகப் படித்துத் தாறுமாறாக எதையோ அனுப்ப, திரை முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடின. மாமனார் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"மாப்ளே, இது வெடிச்சுடுமா?"

"ஐயோ, ஒண்ணும் ஆகாது மாமா. சும்மா தப்பான செய்தி. திரும்பப் படிச்சதும் சரியாயிடும்."

"அப்ப எதுக்குச் செவப்புல காட்டுது? பாக்கவே பகீர்னு இருக்கு."

மாமனாரின் மனசு நோகக்கூடாது. அந்த ஃப்ரேம்வொர்க்கில் ஒரு சேனல் உண்டு, அதில் எதைப் போட்டாலும் விழுங்கிவிடும், ஏப்பம்கூட விடாது. தப்பாக வரும் எல்லாச் செய்திகளையும் அதற்குள் திருப்பிவிட்டான் மாப்பிள்ளை. திரை பளிச்சென்று ஆனது. மாமனார் முகமும் அப்படியே.

சோம்பியின் புகழ் அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது.

சோம்பி என்பது ஒரு வெள்ளை மாடு. கொட்டகையிலேயே பெரிய சோம்பேறி. கறவைக் கூடத்தின் வாசலிலேயே படுத்துத் தூங்கும், எழுந்து வேறு எங்காவது போக அலுப்பு. வாசலில் கிடப்பதால் தினமும் முதல் எட்டு மாடுகளில் ஒன்றாக அதைத்தான் தள்ளிவிடுவார்கள், அதுவும் நேரே போய் ஐந்தாம் தடுப்பில் நின்றுகொள்ளும். அந்தச் சோம்பி காலையில் பதினெட்டு லிட்டர், மாலையில் பதினெட்டு லிட்டர் என்று திரை காட்டியது. ஆக மொத்தம் முப்பத்தாறு. கொட்டகையில் வேறு எந்த மாடும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொல்லல? அது ஏன் தூங்குதுன்னு இப்பத் தெரியுதா? பால் சுரக்குறதுக்குத் தூங்குது!" தீவனக்காரர் வந்து பார்த்தார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். யாரோ சோம்பியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். சோம்பி எல்லாவற்றையும் படுத்தபடியே ஏற்றுக்கொண்டது. பால் உற்பத்தியாளர் சங்கம் வருடாவருடம் நடத்தும் கறவைப் போட்டிக்கு மாமனார் அதன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் அதே திரையில், அதே நாளிலிருந்து, இன்னொரு மாட்டுக்கு நேராகச் சுழியம் வந்துகொண்டிருந்தது. அதன் பெயர் செந்தாமரைச் செல்வி சிங்கார மகாராணி. கன்றாக இருந்தபோதே கொழுந்தியாள் வைத்த பெயர் அது. சுருக்கி மகாராணி என்று கூப்பிட்டால்கூட அவளுக்குப் பிடிக்காது, முழுப்பெயரையும் சொல்லித்தான் தண்ணீர் காட்டுவாள்.

"அது பால் குடுக்குதுப்பா!" என்று கத்தினாள் அவள். "கறக்கிறதுக்கு முன்னாடி மடி கல்லு மாதிரி இருக்கு. கறந்தப்புறம் தொளதொளன்னு ஆயிடுது. பால் போகாம வேற என்ன போகும்?"

"உனக்கு அது மேல பாசம்மா. திரை பொய் சொல்லுமா? தொட்டிக் கணக்கைப் பாரு. எல்லா மாட்டுப் பாலையும் கூட்டினா தொட்டியில இருக்கிறதுக்கு அச்சு அசலா ஒத்து வருது. ஒரு சொட்டு வித்தியாசம் இல்ல. மாப்பிள்ளை போட்ட கணக்கு."

கொழுந்தியாள் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் தொட்டிக் கணக்கைப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அவன் அசடு வழியச் சிரித்துவைத்தான்.

மாட்டு டாக்டர் வந்தார். மகாராணியின் கண்ணையும் நாக்கையும் மடியையும் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்கு இருக்கிற உடம்பு வலி கூட இதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் சுழியம் சுழியமாகவே இருந்தது. ஒரு நாள் காலையில் கொழுந்தியாள் பொறுமை இழந்து, மகாராணியைக் கறவைக் கூடத்துக்கே விடாமல் வெளியே மரத்தடியில் கட்டி, வாளியை வைத்துக் கையால் கறந்தாள். வாளி நிறைந்தது. நுரை வழிய வழிய அதைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"இது என்ன? தண்ணியா?"

மாமனார் வாளியைப் பார்த்தார்.

"சரி. கையில கறந்தா குடுக்குது, மெஷின்ல குடுக்க மாட்டேங்குது. அப்படித்தானே? மெஷினைப் போட்டுட்டு, மெஷின் ஒத்துக்காத மாட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கையால கறக்கிறவங்க வீட்டுக்குப் போனா அதுவும் சந்தோஷமா இருக்கும்." அன்றே மாட்டு வியாபாரிக்குப் போன் போட்டு, மறுநாள் காலையில் வரச் சொல்லிவிட்டார்.

கொழுந்தியாள் சாப்பிடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளைக்கும் சோறு இறங்கவில்லை. மனைவி அவன் காதருகே சொன்னாள்: "பாவங்க அவ. ஏதாவது பாருங்களேன். உங்க கம்ப்யூட்டர்தானே அது?"

சாயங்காலக் கறவை முடிந்ததும் மாமனார் பதறிக்கொண்டு வந்தார். "மாப்ளே, சோம்பிக்குக் கண்ணு பட்டுடுச்சு! காலையில ஏழு லிட்டர்தான்! நான் இப்பத்தான் பார்த்தேன். போட்டிக்கு அஞ்சாறு நாள்தான் இருக்கு!"

மாப்பிள்ளை அலுவலக அறைக்கு ஓடினான். காலையில் சோம்பி ஏழு. மாலையில் சோம்பி பதினெட்டு, பழையபடி. மகாராணி மாலையில் சுழியம்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். காலையில் ஏன் குறைந்தது? காலையில் என்ன வித்தியாசம்? காலையில் மகாராணி கூடத்துக்கு வரவில்லை, மரத்தடியில் நின்றது. மாலையில் வந்தது. மகாராணி வராத வேளையில் சோம்பிக்குப் பதினொரு லிட்டர் குறைகிறது. மகாராணி வந்தால் சோம்பிக்குப் பதினொரு லிட்டர் கூடுகிறது, மகாராணிக்கு ஒன்றுமில்லை. தொட்டிக் கணக்கு மட்டும் எப்போதும் சரி.

"கொழுந்தியாளே!" என்று கத்தினான். சாத்தியிருந்த கதவு திறந்தது. "மகாராணி எந்தத் தடுப்புல நிக்கும்?"

"முழுப்பேரு சொல்லுங்க அத்தான்."

"சரி தாயே. செந்தாமரைச் செல்வி சிங்கார மகாராணி எந்தத் தடுப்புல நிக்கும்?"

"ரெண்டாவது செட்டுல வரும். அஞ்சாவது தடுப்பு. சோம்பி போனதும் அந்த இடத்துக்குத்தான் வரும்."

மாப்பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டது. ரீடர் சொன்ன சேதி கணினிக்குள் போய்ச் சேரவில்லை. ஐந்தாம் தடுப்பில் மாடு மாறியதே கணினிக்குத் தெரியாது. சோம்பியே இன்னும் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு மகாராணியின் பாலையும் சோம்பியின் கணக்கிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் ஏன் தினமும் அந்த ஒரு மாட்டின் சேதி மட்டும் தொலைகிறது? யுடிபியில் சேதி தொலைவது சகஜம்தான், ஆனால் அது ஆளைப் பார்த்துத் தொலையாதே?

அவன் அமைப்பைத் திறந்தான். ஏப்பம் விடாத அந்தச் சேனல் கண்ணில் பட்டது. தன்னையே திட்டிக்கொண்டு, தப்பான சேதிகளையெல்லாம் மறுபடி திரைக்கே திருப்பிவிட்டான்.

மறுநாள் காலை கறவை ஆரம்பித்தபோது வியாபாரி வண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். அவசரக்காரர். மாமனார் அவருக்கு மகாராணியின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். விற்கப்போகிற மாடு என்றாலும் அது அவர் மாடல்லவா? "இந்த வட்டாரத்துல இதைப் போல கொம்பு நீங்க பார்த்திருக்க மாட்டீங்க" என்பது உள்ளே வரை கேட்டது. முதல் எட்டு மாடுகள் போயின. சோம்பி, ஏழு லிட்டர். கொழுந்தியாள் அழுத கண்ணோடு இரண்டாவது கூட்டத்தை உள்ளே விட்டாள். போகும்போது கடைசியாக ஒரு தடவை கறந்துவிட்டு அனுப்பலாம் என்று மகாராணியும் அதில் இருந்தது.

திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தது. அதில் இப்படி இருந்தது: ஐந்து, இருபத்து மூன்று, செந்தாமரைச் செல்வி ச. அதற்கப்புறம் ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. அவ்வளவுதான். சிங்காரமும் இல்லை, மகாராணியும் இல்லை, சரிபார்ப்பு எண்ணும் இல்லை. யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது போல் இருந்தது.

மாப்பிள்ளை ஒரு நிமிடம் விழித்தான். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான்.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு?"

"பேரு நீளம்!"

"என்ன?"

"உன் தங்கச்சி வெச்ச பேரு நீளம்! யுடிபில ஒரு சேதி வந்தா அதை ஒரு பாத்திரத்துல பிடிக்கணும். பாத்திரம் கொள்ற வரைக்கும்தான் பிடிக்கும், மிச்சம் கீழ போயிடும். போச்சுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நான் ஆபீஸ்ல மின்சார மீட்டருக்கு வெச்ச பாத்திரத்தை அப்படியே இங்க வெச்சுட்டேன். அறுபத்து நாலு பைட்."

"அவ பேரு அறுபத்து நாலு எழுத்தா இருக்கு?"

"எண்ணினா பதினேழுதான். ஆனா தமிழ்ல ஒரு எழுத்துக்கே மூணு பைட் பிடிக்கும். கொம்புக்குத் தனியா மூணு, காலுக்குத் தனியா மூணு, புள்ளிக்கும் மூணு. பேரு மட்டும் தொண்ணூத்தாறு! சோம்பின்னு வெச்சா பதினெட்டுல முடிஞ்சிடும். மத்த மாடெல்லாம் சின்னச் சின்னப் பேரு, அதனாலதான் அதெல்லாம் ஒழுங்கா வந்துச்சு. இதுக்கு மட்டும் வால் அறுந்துடும். வால்லதான் சரிபார்ப்பு எண் இருக்கு. அது இல்லேன்னா சேதி தப்புன்னு கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுடும். தூக்கிப் போட்டதைக் கண்ணுல காட்டாம நானே முழுங்க வெச்சுட்டேன்!"

மனைவி தீவன மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்ப சோம்பி?"

"சோம்பி சோம்பிதான். ஏழு லிட்டர்."

அதற்குள் திரையில் பால் வந்து விழுந்தது. ஐந்தாம் தடுப்பு, பதினொரு லிட்டர். கணினி அதைச் சோம்பியின் கணக்கில் சேர்த்துப் பதினெட்டு என்று காட்டியது. வெளியே வண்டியின் பின்கதவை இறக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினான்.

"மாமா! மாட்டை ஏத்தாதீங்க!"

அங்கேயே, வியாபாரி முன்னாலேயே, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். தப்பு தன்னுடையதுதான் என்றும் சொன்னான். கொழுந்தியாள் கூடத்திலிருந்து ஓடி வந்து நின்றாள். வியாபாரிக்குப் பாதிதான் புரிந்தது. பேர் நீளமாக இருப்பதால் மாட்டை விற்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, "பேரை வேணும்னா நான் மாத்திக்கிறேங்க" என்றார்.

மாமனாரின் முகம் சுண்டிப்போயிற்று. கொட்டகைக்குள் போனார். சோம்பி வாசலில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்றே நினைத்தான். குளியலறைத் தரை அங்கே இன்னும் போட்டு முடியவில்லையே!

திரும்பி வந்த மாமனார் குரலைத் தாழ்த்தி, "இதை வெளிய யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

"அப்பா," என்றாள் மூத்த மகள். "போட்டியில எல்லார் முன்னாடியும் கறப்பாங்க. வாளியை நிறுத்துப் பார்ப்பாங்க."

"அதுக்குள்ள ஏதாவது சத்தா குடுத்து…"

"அப்பா."

"சரி, சரி." பெருமூச்சு விட்டார். வியாபாரியை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் காபி கொடுத்து அனுப்பினார்.

பாத்திரத்தைப் பெரிதாக்கும் வேலை ஒரு நொடிதான். ஃப்ரேம்வொர்க் தானாகவே வைத்திருக்கும் அளவு இரண்டாயிரம் பைட்டுக்கு மேல். மாப்பிள்ளை தன் அதிகப்பிரசங்கித்தனத்தால் அதைச் சிறிதாக்கியிருந்தான். அந்த வரியை அழித்ததும் சரியாகிவிட்டது. அதற்கு முன்னால் கொழுந்தியாளிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தான்: "சும்மா மகாராணின்னு மாத்திட்டா என்ன?" அவள் பார்த்த பார்வைக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. சாயங்காலம் திரையில் முழுப்பெயரும் வந்தது, எதிரே பதினொரு லிட்டர். ஒரு நாளுக்கு இருபத்திரண்டு. பார்த்தால், கொட்டகையிலேயே அதிகம் கறக்கிற மாடு அதுதான். கொழுந்தியாள் திரையைப் படம் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டின்போது அத்தானுக்கு அவளே பரிமாறினாள், வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடவில்லை.

போட்டி நாளன்று மாமனார் இரண்டு மாடுகளையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். மைதானத்தில் பந்தல், ஒலிபெருக்கி, வரிசையாகக் கட்டிய மாடுகள், மூக்கில் விரல் வைத்துப் பார்க்க வந்திருந்த கூட்டம். "எங்கேய்யா அந்த முப்பத்தாறு லிட்டர்?" என்று நாலா பக்கமிருந்தும் கேட்டார்கள். மாப்பிள்ளை ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான்.

மாமனார் நேரே சங்கச் செயலாளரிடம் போனார். சோம்பியின் பெயரை அடிக்கச் சொல்லி, இன்னொரு பெயரைச் சொன்னார். செயலாளர் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க இது, மாட்டுப் பேரா, கல்யாணப் பத்திரிகையா?"

மாமனார் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். சுற்றிலும் கூட்டம் கூடியிருப்பதைப் பார்த்ததும் அவர் கண்ணில் பழைய ஒளி வந்துவிட்டது.

"கேளுங்க," என்றார். "இந்தப் பேரு கம்ப்யூட்டர்லயே கொள்ளல! என் மாப்பிள்ளை எழுதின கம்ப்யூட்டரு. சாதாரணமா இல்ல. பேரு உள்ள நுழையும்போதே வாசல்ல மாட்டிக்கிச்சு. அது கறந்த பாலையெல்லாம் பக்கத்து மாட்டுக்கு எழுதிடுச்சு. அந்தப் பாலை வாங்கிக்கிட்ட மாடு எதுன்னு பார்க்கணுமா? இதோ!" என்று சோம்பியைக் காட்டினார். "மெனக்கெடாம முப்பத்தாறு லிட்டர் பேர் வாங்கின மாடு இந்த உலகத்துல இது ஒண்ணுதான். வேற யாருகிட்டயாவது இருக்கா? இருந்தா கொண்டு வாங்க பார்க்கலாம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சோம்பியைப் பார்க்க முண்டியடித்தது. சோம்பி புல்லில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது, அதற்கும் கைதட்டினார்கள். தூணுக்குப் பின்னாலிருந்த மாப்பிள்ளையை மாமனார் இழுத்து வந்து நடுவில் நிறுத்தி, தோளில் கை போட்டுக்கொண்டார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பதா, ஓடுவதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டான்.

செந்தாமரைச் செல்வி சிங்கார மகாராணிக்கு நாலாவது இடம் கிடைத்தது. முதல் மூன்று மாடுகளும் நிஜமாகவே பெரிய மாடுகள். கொழுந்தியாளுக்கு நாலாவதே போதும். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு அம்மாள் மாப்பிள்ளையிடம் வந்து, "தம்பி, என் ஆட்டுக்கெல்லாம் பேரு கிடையாது, நம்பர்தான். அதுக்கு இப்படி ஒண்ணு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்: "எழுதுவாருமா. ஆனா வரிசையில நிக்கணும்."

திரும்பி வரும் வழியில் வெயில் இறங்கியிருந்தது. கொழுந்தியாள் வண்டி ஓட்டினாள். பெட்ரோல் போட நிறுத்தியபோது மாமனார் முதல் ஆளாக இறங்கினார். பெட்ரோல் போடுகிறவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "நல்ல மாடுங்களா இருக்கே" என்று சும்மா சொல்லிவைத்தார். அது போதாதா?

"நல்ல மாடா? தம்பி, இந்த மாட்டோட பேரு மட்டும் அறுநூறு எழுத்து. கம்ப்யூட்டரே நின்னு போச்சு! மூணு இஞ்சினியருங்க வந்து பார்த்தும் முடியல. கடைசியில என் மாப்பிள்ளைதான்…"

முன்சீட்டில் இருந்த மாப்பிள்ளை, 'பதினேழு எழுத்து மாமா' என்று சொல்ல வாயெடுத்தான். மனைவி அவன் கையை அழுத்தினாள். அவன் வாயை மூடிக்கொண்டு இறங்கி, எதிரே இருந்த கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ சொன்னான். பெட்ரோல் போடுகிறவருக்கும் சேர்த்து ஒன்று சொன்னான். கதை முடிய இன்னும் நேரமாகும்.